சிவப்பு மைக்கு முன் ஓர் உடன்பாடு

‘நேத்து மள பேஞ்சிச்சு. எங்க வீட்டு எதுர தண்ணி நின்னுச்சு. நா கப்ப உட்டே.’

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் நோட்டுகளைப் புரட்டினால் இப்படி மூன்று வரிகள் எங்காவது கண்ணில் படும். எழுத்திலக்கணப்படி பார்த்தால் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லும் தப்பு. அந்த நோட்டு ஒரே நாளில் நான்கு பேர் கைக்குப் போகிறது. வகுப்பாசிரியர் தப்பையெல்லாம் வட்டமிட்டு, ‘மழை’ என்று பத்து முறை எழுதி வரச் சொல்கிறார். மாலையில் ட்யூஷன் அக்கா, தான் எழுதித் தருவதை மட்டும் பார்த்து எழுதினால் போதும் என்கிறார். ‘மிஸ் பாத்தா திட்டுவாங்க, அழிச்சிட்டு எழுது’ என்கிறார் அம்மா. தாத்தாவோ வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நோட்டைக் காட்டிச் சிரிக்கிறார். அவர் சிரிப்பில் இருப்பது பாசம்தான். அது பெரியவர்களுக்குத் தெரியும், எழுதிய குழந்தைக்குத் தெரியாது. நால்வரில் யாரும் ‘கப்பல் மிதந்துச்சா, கவுந்துச்சா?’ என்று கேட்கவில்லை.

நால்வருக்கும் குழந்தையின் மீது அக்கறை இருக்கிறது. ஆனால் ஒரே பக்கத்துக்கு நான்கு சட்டங்கள் இருந்தால், எதற்குக் கட்டுப்படுவது என்று ஆறு வயதுப் பிள்ளை எப்படி முடிவுசெய்யும்? எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற முடிவுக்கு அது வந்துவிடுகிறது. தொடக்க எழுத்தில் வரும் பிழைகளை எப்போது, யார், எந்த அளவுக்குத் திருத்துவது என்பதில் வீடும் பள்ளியும் கல்வித் துறையும் தெருவும் ஒரு பொது முடிவுக்கு வர வேண்டும். ஒரு தரப்பு மட்டும் மாறினால் பயனில்லை.

முதலில், அந்த மூன்று வரிகளில் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். ‘மழை’ என்று நாம் எழுதுகிறோம். பேசும்போது தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் யாரும் அந்த ஐகாரத்தை முழுதாக ஒலிப்பதில்லை. ழகரத்தைத் தென் மாவட்டங்களில் பலர் ளகரமாகவும், சென்னைப் பக்கத்தில் பலர் யகரமாகவும் ஒலிக்கிறார்கள். ஆக ‘மள’ என்று எழுதிய குழந்தை தன் காதில் விழுந்ததை அப்படியே, ஓர் ஒலிகூட விடாமல் எழுத்தில் கொண்டுவந்திருக்கிறது. ‘எல’ என்று இலையையும், ‘எடம்’ என்று இடத்தையும், ‘ஒடம்பு’ என்று உடம்பையும் எழுதுவதும் இதே வகைதான். அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வரும்போது பேச்சுத் தமிழ் முதலெழுத்தின் இகரத்தை எகரமாகவும் உகரத்தை ஒகரமாகவும் மாற்றிக்கொள்கிறது. மொழியியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கும் இந்த மாற்றத்தைக் குழந்தையின் காது தானாகக் கண்டுபிடித்திருக்கிறது. காது சரியாக இருக்கிறது. எழுத்து வழக்கு என்று ஒன்று தனியாக உண்டு என்பது மட்டும்தான் அதற்கு இன்னும் தெரியாது. எழுத்துத் தமிழ் எந்த வீட்டிலும் பேசப்படாத தமிழ். அதைப் பேசும் ஒரு மனிதரைக்கூட அந்தக் குழந்தை நேரில் பார்த்திருக்காது, மேடைப் பேச்சாளர்களைத் தவிர.

இன்னொரு வகைப் பிழை நம் எழுத்தின் அமைப்பிலிருந்தே வருகிறது. ‘கே’ என்று சொல்லும்போது ககரம் முதலில், ஏகாரம் பின்னால். எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. ‘கோ’ என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். ஒலியின் வரிசையை நம்பி எழுதும் குழந்தை கொம்பைப் பின்னால் போட்டால், அது சிந்தித்திருக்கிறது என்று பொருள். உகர, ஊகாரக் குறிகளைச் சொல்லவே வேண்டாம். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. அவற்றையும் சீர்ப்படுத்த வேண்டும் என்று வா.செ.குழந்தைசாமி போன்றவர்கள் நெடுநாள் வாதிட்டார்கள்; எதிர்ப்பும் பலமாக இருந்ததால் அது நடக்கவில்லை. எனவே பெரியவர்கள் அப்படியே விட்டுவைத்திருக்கும் ஒரு சிக்கலில்தான் பிள்ளை தடுக்கி விழுகிறது.

புள்ளியை மறந்து ‘அமமா’ என்று எழுதும் குழந்தையைப் பார்த்துப் பதறுகிறவர்கள் ஓலைச்சுவடிகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதுவதே பெருவழக்காக இருந்தது. படிப்பவர்தான் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று பிரித்தறிந்தார். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இன்று நாம் பிரித்தெழுதும் முறைக்கு வழிசெய்தவர், 1680இல் இத்தாலியில் பிறந்து இங்கே வந்த வீரமாமுனிவர். றா, னா, லை, னை முதலிய எழுத்துகளின் இன்றைய வடிவம் 1978இல் வந்த அரசாணைக்குப் பிறகு பாடநூலுக்குள் வந்தது. பெரியார் தம் இதழில் 1935 முதலே அப்படி அச்சிட்டுவந்தார். யானையின் தும்பிக்கைபோல் வளைந்த பழைய லையையும் னையையும் எழுதிப் பழகிய தலைமுறை இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. இதையெல்லாம் சொல்வது, எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்பதற்காக அல்ல. வழக்கு என்பது சமூகம் கூடி ஏற்றுக்கொண்ட ஒன்று. அதைக் குழந்தைக்குக் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் அதை இன்னும் கற்காதது குற்றம் ஆகாது.

சிவப்பு மை செய்யும் வேலையை நோட்டுகளிலேயே பார்க்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் வட்டம் வாங்கிய பிள்ளை அடுத்த மாதம் எழுதுவது இதுதான்: ‘பசு ஒரு வீட்டு விலங்கு. பசு பால் தரும். பசுவிற்கு நான்கு கால்கள் உண்டு.’ ஒரு பிழை இல்லை. அந்தப் பிள்ளை சொல்ல விரும்பியதும் அதில் ஒன்றும் இல்லை. தெரிந்த சொல்லுக்குள் சுருங்கிக்கொள்வது மிக வேகமாகக் கைவரும் பழக்கம். ‘வெள்ளம்’ என்று எழுதப் பயந்து ‘தண்ணீர்’ என்றும், ‘தண்ணீர்’ எழுதவும் பயந்து ‘நீர்’ என்றும் போய் நிற்கும். பிறகு பத்தாம் வகுப்பில் சொந்தமாக ஒரு பத்தி எழுதத் தெரியவில்லையே என்று நாமே கவலைப்படுகிறோம்.

பத்து முறை எழுதும் இம்போசிஷனைப் பற்றியும் ஒரு சொல். குழந்தைகள் அதை எப்படி எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் ‘ம’வை மேலிருந்து கீழாகப் பத்து முறை, அப்புறம் ‘ழை’யைப் பத்து முறை. முடிந்தது வேலை. அங்கே ஒரு சொல்லும் எழுதப்படவில்லை, இரண்டு தூண்கள் எழுப்பப்பட்டிருக்கின்றன. முதல் வரியில் தப்பாகப் பார்த்து எழுதியிருந்தால் அந்தத் தப்பு பத்து முறை பதிந்துவிடும். போதாக்குறைக்கு, தப்பை வகுப்பில் உரக்கப் படித்துச் சிரிக்க வைக்கும் வழக்கமும் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடைசெய்திருக்கிறது என்பதை அங்கே யாராவது நினைவூட்ட வேண்டும்.

‘அப்படியானால் திருத்தவே கூடாதா? தப்பு ஊறிப்போய்விடாதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. திருத்தவே வேண்டாம் என்று சொல்கிற தரப்பும் இருக்கிறது. அதை நாம் ஏற்கவில்லை. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த யூர்கன் ரைஷன் என்ற கல்வியாளர், குழந்தைகள் ஒலியைக் கேட்டுத் தாமாகவே எழுதட்டும், பெரியவர்கள் பிழையைத் தொட வேண்டாம் என்று ஒரு முறையை வகுத்தார். ஜெர்மனியில் பல பள்ளிகள் அதை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டன. ஆண்டுகள் போனபின் பெற்றோரிடமிருந்து புகார்கள் வந்தன. பான் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 3,000 தொடக்கப்பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவில், பாடநூல் வழியாகப் படிப்படியாகக் கற்ற குழந்தைகளைவிட இம்முறையில் கற்றவர்கள் நான்காம் வகுப்பு முடிவில் கணிசமாக அதிகப் பிழைகள் செய்தது தெரிந்தது. ஹாம்பர்க், பாடன்-வுர்ட்டம்பெர்க் போன்ற மாநிலங்கள் அம்முறைக்குத் தடையே விதித்தன. கண்டுகொள்ளாமல் விடுவதும் குழந்தைக்குச் செய்யும் நன்மை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

மறுபக்கச் சான்றும் உண்டு. 1971இல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ரீட், பள்ளிக்குப் போகும் முன்பே தாமாக ஆங்கிலம் எழுதிப் பார்த்த குழந்தைகளின் பிழைகளை ஆராய்ந்தார். ‘ட்ரக்’ என்ற சொல்லை அவர்கள் ‘ச்ரக்’ என்பதுபோல் எழுதியிருந்தார்கள். ஆங்கிலம் பேசுவோர் வாயில் அந்த ஒலி உண்மையில் அப்படித்தான் இருக்கிறது. பழகிப்போன பெரியவர்களின் காதுக்குத்தான் அது கேட்பதில்லை. கனடாவில் ஜீன் உலெட், மோனிக் செனெஷால் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. தாமாக எழுத விடப்பட்டு, எழுதியதைவிட ஒரே ஒரு படி மேலே போக மட்டும் உதவி பெற்ற சிறு குழந்தைகள், மற்றக் குழுக்களில் இருந்தவர்களைவிட நன்றாக வாசிக்கக் கற்றார்கள். எழுத விட்டதும் உதவியதும் அங்கே சேர்ந்தே நடந்தன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் ஜெர்மனியின் கதை, மற்றொன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் நம் பசுவின் கதை.

ஒரு படி மட்டும் என்றால் தமிழில் எப்படி? நம் எழுத்தில் குழப்பம் தருபவை எனப் பேர்வாங்கிய எழுத்துகளில் பாதிக்குத் தெளிவான விதி இருக்கிறது; அதைச் சொல்லித் தராமல் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். சொல்லின் முதலில் ண, ன வராது. ந மட்டுமே வரும். டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன், தகரத்துக்கு முன் ந்: வண்டு, கன்று, பந்து. சொல்லின் முதலில் ள, ழ வராது; ற வராது. ற்ற என்று இரட்டிக்கும், ர்ர என்று இரட்டிக்காது. எனவே ‘காற்று’ என்பதில் ஐயமே வேண்டாம். இதை ஏழு வயதுக் குழந்தை விளையாட்டாகக் கற்றுவிடும். மரம், மறம், வலி, வழி, வளி என்பவற்றுக்குத்தான் விதி உதவாது. அவற்றைக் கண் பழக்கத்தால் மட்டுமே பிடிக்க முடியும். கண் பழக வேண்டுமானால் கையில் புத்தகம் வேண்டும், பாடநூல் போதாது. பள்ளிக் கல்வித் துறை ‘வாசிப்பு இயக்க’த்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துக் கொண்டுவந்த சிறு நூல்கள் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தால், அந்தப் பூட்டும் எழுத்துப் பிழைக்கு ஒரு காரணம்தான்.

எந்த வகுப்பில் எதைத் திருத்துவது என்பதிலும் ஒரு முறை வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சொல்லின் எல்லா ஒலிகளுக்கும் ஏதாவது ஓர் எழுத்து வந்திருந்தால் போதும். எழுத்தின் வடிவத்தையும் குழந்தையின் சொந்தப் பெயரையும் மட்டும் அப்போதே சரிசெய்துவிட வேண்டும். தலைகீழாக வளைத்துப் பழகிய எழுத்து பின்னால் மாறுவது கடினம். இரண்டாம் வகுப்பில் குறில் நெடில், புள்ளி, கொம்பு. ர-ற, ல-ள-ழ, ந-ண-ன எல்லாம், அடிக்கடி வரும் சொற்களில் மட்டும், மூன்றாம் வகுப்பில் வரட்டும். வல்லினம் மிகும், மிகாது என்ற விவகாரம் ஐந்தாம் வகுப்புக்கு முன் சிவப்பு மையைப் பார்க்க வேண்டியதே இல்லை. அதில் பிழையில்லாமல் எழுதும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திருத்தும் விதம் எளிது. குழந்தையையே முதலில் வாசிக்கச் சொல்வது. சொன்ன செய்திக்குப் பதில் சொல்வது. பிறகு அந்தப் பக்கத்தில் ஒரே வகைப் பிழையை எடுத்துக்கொண்டு, அடித்துவிடாமல், கீழ் வரியில் சரியாக எழுதிக் காட்டுவது. ‘நாம பேசுறப்போ மள, எழுதுறப்போ மழை’ என்று சொன்னால் போதும், வீட்டுப் பேச்சு அவமானப்படாது. மூன்றாம் வகுப்பிலிருந்து, சுவரில் ஒட்டப்போகும் எழுத்தையும் கையெழுத்துப் பத்திரிகைக்குப் போகும் எழுத்தையும் பிள்ளையே ஒருமுறை பார்த்துத் திருத்திப் படியெடுக்கட்டும். பலர் படிக்கப் போகிறார்கள் என்றால் பிழை ஏன் கூடாது என்பது அதற்கே புரிந்துவிடும்.

இதற்கெல்லாம் ஆசிரியருக்கு நேரம் எங்கே? தொடக்கப் பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள். இருவர் ஐந்து வகுப்புகளைச் சுமக்கிறார்கள். இதில் பெரிய முட்டுக்கட்டை ஆசிரியரின் மனம் அல்ல, நோட்டைப் பார்வையிட வருபவரின் கண். எல்லாத் தப்புக்கும் வட்டமும் ஒவ்வொரு பக்கத்துக்கும் கையொப்பமும் தேதியும் இல்லாத நோட்டு, ‘திருத்தப்படாத நோட்டு’ என்று குறிப்பேட்டில் ஏறுகிறது. அதற்குப் பயந்துதான் பேனா எல்லாவற்றையும் வட்டமிடுகிறது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை 2022இல் தொடங்கியபோது அரசு குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துப் பார்க்கத் துணிந்தது. அதற்கும் முன்பு செயல்வழிக் கற்றல் வந்தபோது, வகுப்பறைச் சுவரின் அடியில் பிள்ளைகள் எழுதி அழிக்கத் தாழ்வான கரும்பலகைகள் வைக்கப்பட்டன. எழுதி, அழித்து, மறுபடி எழுதுவதற்கு அங்கே இடம் இருந்தது. அந்தத் துணிவு நோட்டுப் பார்வைக்கும் வர வேண்டும். தொடக்க வகுப்புகளில் தேர்ந்தெடுத்த பிழையை மட்டும் திருத்துவது ஆசிரியரின் கடமைக்குறைவு அல்ல என்று துறை ஒரு சுற்றறிக்கையில் எழுத்தில் சொன்னால், பல ஆசிரியர்கள் அன்றே பேனாவை மாற்றிப் பிடிப்பார்கள்.

பெற்றோர் பலருக்கு இதில் ஒரு கூச்சம் இருக்கிறது. தங்களுக்கே சரியாக எழுத வராது, பிள்ளைக்கு என்ன சொல்வது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எழுத்தே தெரியாத அம்மாவும் ‘என்ன எழுதியிருக்க, படிச்சுக் காட்டு’ என்று கேட்கலாம். மளிகைச் சீட்டை எழுதச் சொல்லலாம். ‘புலி’ என்று எழுதிக்கொண்டு போனால் கடைக்காரர் புளி தரத்தான் போகிறார், அடுத்த முறை எழுத்தும் திருந்திவிடும். இதற்குக் கூலி இல்லை, ட்யூஷன் கட்டணம் இல்லை.

தெருவையும் விட்டுவிட முடியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய குழந்தை பேருந்தின் பெயர்ப்பலகை, கடைப் பலகை, சுவரொட்டி என்று கண்ணில் படுவதையெல்லாம் படிக்கும். அங்கே ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. சுவரில் என்பதுதான் சரி. ‘முயற்ச்சி’யும் ‘பிராத்தனை’யும் பிறந்தநாள் பேனர்கள்தோறும் தொங்குகின்றன. தொலைக்காட்சியின் அடியில் ஓடும் செய்தி வரிகளில் ஒற்றுகள் நினைத்த இடத்தில் தோன்றி நினைத்த இடத்தில் மறைகின்றன. ஆறு வயதுக்குச் சிவப்பு மை, நாற்பது வயதுக்கு எட்டடி பேனர் என்பது என்ன நீதி? உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் பலகைகளை எழுதும்முன் பக்கத்துப் பள்ளியின் தமிழாசிரியரிடம் ஒருமுறை காட்டலாம். அச்சகங்களும் பலகை எழுதுவோரும் அப்படியே செய்யலாம். கூடுதல் செலவு ஒரு தொலைபேசி அழைப்பு.

எல்லாப் பிழையும் காலத்தால் தீர்ந்துவிடும் என்று இருந்துவிடவும் கூடாது. மூன்றாம் வகுப்பு தாண்டியும் எழுத்துகள் இடம் மாறிக்கொண்டே இருந்தால், தான் எழுதியதைத் தானே வாசிக்க முடியாமல் பிள்ளை திணறினால், அது சோம்பேறித்தனம் அல்ல. கற்றல் குறைபாடாக இருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் அழைத்துப்போவதற்குப் பதிலாக இம்போசிஷனைப் பத்திலிருந்து ஐம்பதாக ஏற்றுவது கொடுமை. திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் தமிழ்வழியில் சேர்ந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் வேறு கண் வேண்டும். இந்தி எழுத்தில் எகர ஏகார வேறுபாடு கிடையாது; ழகரமும் றகரமும் கிடையாது. ‘செடி’யை அவர்கள் ‘சேடி’ என்று எழுதினால் அது கவனக்குறைவு அல்ல, இரண்டு மொழிகளுக்கு நடுவில் நிற்கும் உழைப்பு.

எல்லாத் தரப்பையும் கூட்டும் மேடை ஏற்கெனவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர்தாம் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கழிவறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று அவசர வேலைகள் அங்கே முன்னால் நிற்கும், நிற்கத்தான் வேண்டும். ஆனாலும் கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு கூட்டத்திலாவது இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கி, பெயரை மறைத்துவிட்டுச் சில பிள்ளைகளின் பக்கங்களை எல்லோரும் வாசித்துப் பார்க்கலாம். எந்த வகுப்பில் எதைத் திருத்துவது, எதை விடுவது, யார் வாசித்துக் கேட்பது என்று முடிவுசெய்து அரைப் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு நோட்டின் முன்னட்டை உட்புறத்திலும் ஒட்டிவிடலாம். தலைமையாசிரியரும் பெற்றோரும் ஒப்பமிடும் அந்தத் தாளில் தெருவில் ட்யூஷன் எடுப்பவரின் ஒப்பமும் வேண்டும். அவரை அழைக்காமல் போட்ட உடன்பாடு சாயங்காலம் ஆறு மணிவரைகூடத் தாங்காது.